கஞ்சா வாத்தியாரின் உப்புக் கூட்டம்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கஞ்சா வாத்தியாரைப் போல ஓர் ஒழுக்கசீலரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பீடி, சிகரெட் கிடையாது. வெற்றிலை கிடையாது. கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால் வாங்கிப் பக்கத்து நாற்காலிக்காரர் கையில் வைத்துவிடுவார். ஒருமுறை நான் வற்புறுத்தி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "லேசா கிறுகிறுன்னு வருதுங்க" என்றார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் வைத்த பெயர் கஞ்சா வாத்தியார். ஊர் வாயை மூட உலைமூடி எங்கே விற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு பார்மசி காலேஜில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. என்னுடைய ஆராய்ச்சி கீழாநெல்லியைப் பற்றியது. அதைப் பற்றி அன்றும் யாரும் என்னைக் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் பஸ் கண்டக்டர் வரை விசாரித்தார்கள்.

விஷயம் இதுதான். உலகத்தில் ஓட வைக்கும் மருந்துகள் சில உண்டு. அந்தக் காலத்தில் சில மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்காமல் படிக்கத் திருட்டுத்தனமாக விழுங்குவார்களே, அந்த ஜாதி. கஞ்சாவோ, எழுந்தவனையும் உட்கார வைக்கிற சரக்கு. இரண்டையும் ஒரே எலியின் உடம்புக்குள் அனுப்பினால் யார் ஜெயிப்பது? எலி ஓடுமா, உட்காருமா, பாதி தூரம் ஓடிப் போய் உட்காருமா? இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் ஆள் வருஷக்கணக்கில் எலிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக்கே ஆனாலும் கஞ்சா கஞ்சாதான். சர்க்கார் அனுமதி வாங்கி, சீல் வைத்த பெட்டியில், போலீஸ் காவலோடு வந்து இறங்கியது. வந்த கான்ஸ்டபிளுக்குக் காலேஜ் வாசல் தெரியவில்லை. எதிரே இருந்த டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி, கடை நிறைந்திருந்த சமயம் பார்த்து, "ஏனுங்க, கஞ்சா கேட்டிருந்த வாத்தியாரு யாருங்க?" என்று கத்தினார். எங்கள் ஆள் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, "நானுங்க!" என்று பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார். அந்த ஒரு கையைத் தூக்கியதோடு அவருடைய சொந்தப் பெயர் செத்துப்போனது.

பெட்டி இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு பீரோவுக்குள் போனது. ஒரு சாவி எங்கள் கைடு புரொபசரிடம். இன்னொரு சாவியை வாத்தியார் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. சாவி துருப்பிடித்து இடுப்பில் புண் வந்ததே தவிர, ஒரு கடுகளவு கஞ்சா கணக்குத் தப்பவில்லை.

இனி எலிகளிடம் வருகிறேன். எலிகள் நான்கு குழுவாக இருந்தன. ஒன்றுக்கு ஓட்ட மருந்து. ஒன்றுக்குக் கஞ்சாச் சாறு. ஒன்றுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு மருந்தே கிடையாது. ஊசியில் வெறும் உப்புத்தண்ணீர்தான். மற்றவை எவ்வளவு ஓடுகின்றன என்பதை இந்த உப்புத்தண்ணீர் எலிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இவற்றுக்குப் புத்தகத்தில் என்னென்னவோ பெயர் உண்டு. வாத்தியாரோ கொங்குநாட்டுக்காரர், அந்தப் பக்கம் குலத்தைக் கூட்டம் என்றுதான் சொல்வார்கள். ஓட்டக் கூட்டம், கஞ்சாக் கூட்டம், ரெண்டுங்கலந்த கூட்டம், உப்புக் கூட்டம் என்று கூண்டுகளில் எழுதி ஒட்டிவிட்டார். "ஒரே கூட்டத்துல ஆணையும் பொண்ணையும் ஒண்ணா வுடக்கூடாதுங்க, பங்காளிகளுங்க" என்று எனக்கு விளக்கமும் சொன்னார். கொள்வினை கொடுப்பினை எல்லாம் கூட்டம் விட்டுக் கூட்டம்தான்.

மரியாதையிலும் குறை வைக்கமாட்டார். ஊசியோடு கூண்டைத் திறந்தால், "வாங்க கண்ணு, வாங்க. சுருக்குன்னு ஒரு குத்துதானுங்க. பொறுத்துக்குங்க" என்பார். மெட்ராஸ்காரரான எங்கள் புரொபசருக்கு இதில் பெரிய மனத்தாங்கல். "என்னய்யா இது, எலிக்கும் வாங்க, எனக்கும் வாங்கவா? எனக்குன்னு தனியா ஒரு மரியாதை கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். வாத்தியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்குக் குத்தறதில்லீங்களே சார்" என்றார்.

இந்த லட்சணத்தில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வாழையுமாக இருந்த ஒரு குடும்பம். பெண்ணின் பெயர் சாந்தாமணி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். இவர் போய்ப் பார்த்தார், பிடித்துவிட்டது. அவருக்கும் இவரைப் பிடித்திருந்தது. அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். "மிச்சர் தட்டை எம்பக்கமா நவுத்தி வெச்சாங்க" என்றார். அதற்கு மேல் ஆதாரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

பெண்ணின் அப்பா மட்டும் விவரமானவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பஸ் ஏறி வந்து, அந்த டீக்கடையிலேயே இறங்கி, மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். டீக்கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் பதில் சொன்னார்.

"கஞ்சா வாத்தியாருங்களா? தங்கமான மனுசனுங்க. மத்தியானம் ஆச்சுன்னா பின்னால அந்த ஊட்டுக்குள்ள பூந்துக்குவாரு. சாயங்காலம் கண்ணு ரெண்டும் செவசெவன்னு வெளிய வருவாருங்க. ஆனா ஒருத்தருக்கு ஒரு தொந்தரவு கிடையாதுங்க."

அந்த வீடு எங்கள் எலி வீடு. கண் சிவந்தது எலி மயிர் ஒத்துக்கொள்ளாததால். அதைப் பாவம் டீக்கடைக்காரர் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. பெண்ணின் அப்பா நேராகக் காலேஜுக்குள் வந்து புரொபசர் அறையில் உட்கார்ந்துவிட்டார். புரொபசர் கஞ்சா பீரோவைக் காட்டி, எலிகளைக் காட்டி, வாத்தியாரின் இடுப்புப் புண்ணையும் காட்டச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் எழுந்தார்.

"மாப்பிள்ளை மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா கஞ்சா வாத்தியாருக்குப் பொண்ணைக் குடுக்கறேன்னு நான் எந்த ஊட்டு வாசல்ல போயிங்க பத்திரிகை வெக்கறது? டாக்டர்னு பட்டம் வரட்டுங்க. வந்த மறு முகூர்த்தத்துல கல்யாணம்."

ஆக, பட்டம் வந்தால்தான் சாந்தாமணி. எலிகள் ஒழுங்காக ஓடினால்தான் பட்டம். எனக்குத் தெரிந்து எலியின் காலில் கல்யாணம் கட்டப்பட்ட ஒரே மாப்பிள்ளை இவர்தான்.

எலிகள் ஓடின. அதுதான் வினை. ஊசி போட்ட எலியை ஒரு பெட்டிக்குள் விடுவார்கள். உள்ளே ஒளிக்கதிர்கள் குறுக்கே போகும். எலி கதிரைத் தாண்டும்போதெல்லாம் மீட்டர் டொக்கென்று ஒன்று கூட்டிக்கொள்ளும். ஓட்டக் கூட்டம் உள்ளே போனால் மீட்டர் டைப் அடிக்கிற மாதிரி சத்தம் போடும். கஞ்சாக் கூட்டம் போனால் மூலையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருக்கும். இரண்டும் கலந்த கூட்டம்தான் அதிசயம். முதல் நாள் கஞ்சா ஓட்டத்தைக் கொஞ்சம் அமுக்கியது. ஆனால் நாள்தோறும் கஞ்சா கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு ஓட்ட மருந்தைப் போட்டால், எலி முன்னைக்கும் அதிகமாகத் துள்ளியது. கஞ்சா அதை அடக்கி வைக்கவில்லை, உள்ளுக்குள் தூண்டி வைத்திருக்கிறது! புரொபசர் இதைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆனால் உப்புக் கூட்டத்தின் கணக்கைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். வெறும் தண்ணீர் வாங்கிய அந்த எலிகளும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"மருந்து வாங்கினவனும் ஓடறான், வாங்காதவனும் ஓடறான். அப்ப எதை எதோடய்யா ஒப்பிடறது?" என்று கத்தினார். உப்பை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். மீட்டரைப் பீளமேட்டுக்குக் கொண்டுபோய் ரிப்பேர் பார்த்தோம். பெட்டியை வாஸ்துப்படி திருப்பி வைத்தால் என்ன என்று நான்கூட ஒரு யோசனை சொன்னேன். எதற்கும் உப்புக் கூட்டம் மசியவில்லை. வாத்தியார் இளைத்துப்போனார். "என்னமோ தெரியலீங்க. அவிங்களுக்கு நான் ஒரு கொறையும் வெக்கலீங்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். எங்களில் ஒருத்தருக்காவது மூளை இருந்திருந்தால் அந்தப் பேச்சை அப்போதே பிடித்திருப்போம்.

ஆராய்ச்சியைப் பார்வையிட மேற்பார்வைக் குழு வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. வெளியூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். நரைத்த கொண்டை, கனத்த கண்ணாடி, அளவான பேச்சு. எலி வீட்டு வாசலில் நின்றபடியே அவருக்குக் காபி கொடுத்தார்கள். வாத்தியார் உப்புக் கூட்டத்து எலி ஒன்றை எடுத்து ஊசி போட்டு, நேரே பெட்டிக்குள் விடப் போனார். எலி போகவில்லை. மேஜை விளிம்பில் பின்னங்கால்களில் எழுந்து நின்றுகொண்டு, முன்னங்கைகள் இரண்டையும் அவர் சட்டைப் பையை நோக்கி நீட்டியது.

"என்னய்யா அது?" என்றார் புரொபசர்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

எலி கையை இறக்கவில்லை. நான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். பந்தியில் ஒருவரை மட்டும் தாண்டிப் பரிமாறிவிட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. புரொபசரைப் பார்த்தார், எலியைப் பார்த்தார். பிறகு, மானம் போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தவர் போலச் சட்டைப் பையிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்தார். நம் கோயமுத்தூர் பேக்கரிகளில் விற்கிற, தொட்டால் உதிருகிற அதே ஊட்டி வர்க்கிதான். "கொஞ்சம் மன்னிக்கோணுங்க" என்று சொல்லி, பேராசிரியையின் கையிலிருந்த காபியில் அதைத் தோய்த்து எலியிடம் நீட்டினார். எலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

பேராசிரியை டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தினமும் இதைக் கொடுப்பீங்களா?"

"தினமும் எல்லாம் இல்லீங்க அம்மா. ஊசி போடற அன்னிக்கு மட்டுந்தானுங்க."

"எல்லா எலிக்குமா?"

"சேச்சே, இல்லீங்க. மத்தவிங்களுக்குத்தான் மருந்து குடுக்கறமுங்களே. இவிங்களுக்கு ஒண்ணுமே இல்லாம, குத்தறது மட்டும் குத்திப்போட்டு வெறுமனே எப்படிங்க அனுப்பறது? அதான், பிளாஸ்க்குல நம்ம காபி இருக்கும். அதுல ஒரு வர்க்கியை நனைச்சு…"

புரொபசர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பேராசிரியை மட்டும் நிதானமாக, "காபியிலயும் ஓட வைக்கிற சரக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியாமல் என்ன? பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவரே இவர்தான்.

"தெரியுமுங்க," என்றார் வாத்தியார். அப்புறம் அவருக்கே அது உறைத்தது. கண் கலங்கிவிட்டது. "மருந்தா நெனைக்கலீங்க அம்மா. வந்தவிங்களுக்குக் குடுக்கற காபியாத்தானுங்க நெனைச்சேன்."

இதுவரை எடுத்த கணக்கு முழுவதும் செல்லாது, புது எலிகளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், உப்புக் கூட்டத்துக்கு இனி இவர் ஊசி போடவே கூடாது, வேறொருவர்தான் போட வேண்டும் என்று பேராசிரியை தீர்ப்புச் சொன்னார். போகும்போது அந்த எலியின் முதுகை ஒரு விரலால் தடவிவிட்டுப் போனார். கணக்கில் செல்லாமல் போன அந்தப் பழைய எலிகளை என்ன செய்வது என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். புரொபசர், "நான் எதையும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவை பின்கட்டில் ஒரு கூண்டில் வயதாகிச் சாகிறவரை சௌக்கியமாக இருந்தன.

ஆனால் பட்டம் தள்ளிப்போயிற்றே! இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பெண் வீட்டுக்கு என்ன சொல்வது? "ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம்" என்றேன். "பொண்ணு குடுக்கறவிங்ககிட்டப் பொய் சொல்றதுங்களா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் ஏறினார். கோபியில் இறங்கியதும், "நீங்க ஊட்டுக்குள்ள வந்து பக்கத்துல உக்காந்தாப் போதுமுங்க. நான் சொல்லிப்போடறேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

பெரியவர் எங்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! பட்டம் வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க மாமா. தள்ளிப்போயிருச்சுங்க. தப்பு என்னுதுதானுங்க."

உட்கார்ந்து, உப்புத்தண்ணீர், ஊசி, வர்க்கி, காபி என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். பெரியவரின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சுற்றுச் சிறுத்துக்கொண்டே வந்தது.

"எலிக்குக் காபியா?"

"வர்க்கியுமுங்க."

"ஏனுங்க மாப்பிள்ளை, இங்க எங்க நெல்லை எலி திங்குதுன்னு நான் ஊடெல்லாம் பொறி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். நீங்க எலிக்குக் காபி ஊத்திக் கல்யாணத்தை நிறுத்திப்போட்டு வந்திருக்கறீங்க. இதை நான் எந்த ஒறவு ஒறம்பரைகிட்டப் போயிச் சொல்றதுங்க? கஞ்சா வாத்தியார்ங்கறதே தேவலைன்னு ஆயிருமேங்க!"

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. "உங்க நெலைமை எனக்குப் புரியுதுங்க மாமா. வேற எடம் பாக்கறதானாலும் நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேனுங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். நான் கீழாநெல்லிக்காரன், என் நாற்காலியை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் சமையல்கட்டு நிலைப்படிக்குச் சாந்தாமணி வந்து நின்றார்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு அம்மணி."

"அந்தக் காலேஜுல ஊசி போடறவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. குத்துனா அதுக்கு வலிக்குமேன்னு இவருக்குத்தானுங்கப்பா தோணியிருக்குது. ஒரு எலியையே வெறுமனே அனுப்ப மனசு வராதவரு, உங்க பொண்ணைத் தவிக்க வுட்டுருவாருங்களா? எனக்குப் பட்டமெல்லாம் வேண்டாமுங்க. வர்ற தையிலயே வெச்சுக்கலாம்."

அந்த வீட்டில் அதற்கு முன் பெண்கள் நிலைப்படியில் நின்று இத்தனை பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பப் பத்திரிகையில பேருக்கு முன்னால என்னன்னு அம்மணி போடறது?"

"ஒண்ணும் வேண்டாமுங்கப்பா. பேரை மட்டும் போடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது, தூசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. டீக்கடை மொத்தமும் வேன் பிடித்து வந்தது. மண்டப வாசலில் இறங்கி, "கஞ்சா வாத்தியார் கல்யாணம் இதுதானுங்களா?" என்று நல்ல உரத்த குரலில் விசாரித்தார்கள். பெண்ணின் அப்பாவே, "இதுதானுங்க, உள்ள வாங்க" என்று சந்தனம் கொடுத்தார்.

ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. புது உப்புக் கூட்டத்துக்கு ஊசி போடும் வேலை என் தலையில் விழுந்தது. வாத்தியார் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மெதுவாங்க, மெதுவா. வாங்கன்னு சொன்னீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சொன்னேன். சொல்லாமல் ஊசி போட்டால் அவர் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். இந்த உப்புக் கூட்டம் சாதுவாக இருந்தது. பழகிய எலியைக் கஞ்சா உள்ளுக்குள் தூண்டி வைக்கிறது என்ற விஷயம் சந்தேகமில்லாமல் நிலைத்தது. அவருக்குப் பட்டமும் வந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து டீக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க, கஞ்சா டாக்டர்!"

இப்போது அவர் ஓய்வு பெற்றுக் கோபி பக்கமே மனைவியோடு இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். போன மாதம் மத்தியானம் மூன்று மணி வாக்கில் கூப்பிட்டார். எடுத்ததும், "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" என்றார். நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இல்லை என்று சொன்னேன். அந்த மனுஷன் எனக்காக இரண்டு நிமிஷம் பதறுவதைக் கேட்க வேண்டும் போல் இருந்தது.